எச்சரிக்கை: எழுத்தில் எதுவும் வாங்காமல் காட்சிக்கூடத்துக்கு ஓவியம் அனுப்பாதீர்கள்

நேற்று மாலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் என் பெயருக்கு ஒரு பிளாஸ்ரிக் குழாய் பொதியாக வந்திருந்தது. கொழும்பிலுள்ள ஒரு தனியார் ஓவியக் காட்சிக்கூடத்துக்கு நான் அனுப்பிய பன்னிரண்டு ஓவியங்களில் ஒன்பது, ஆணி பிடுங்கி, மரச்சட்டத்திலிருந்து உரிக்கப்பட்டு, அதற்குள் திணிக்கப்பட்டிருந்தன. கன்வஸைச் சுருட்டியே ஆகவேண்டுமென்றால் வர்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுவார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. எண்ணெய் வர்ணம் தடிப்பாக இருந்த இடமெல்லாம் வெடித்துவிட்டது. மற்ற மூன்றும் விற்றுப்போயின. அவற்றுக்கான காசு இன்றுவரை வரவில்லை. எல்லாமாக என் கையைவிட்டுப் போனது 240,000 ரூபாய். பெயரை எழுத வேண்டாம் என்று சட்டத்தரணியான நண்பர் தடுத்திருப்பதால், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் காட்சிக்கூடத்தின் உரிமையாளரை நான் முதலில் கண்டது கலா பொலவில். 1993 முதல் கொழும்பில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் ஓரத்தில் நடக்கும் அந்தத் திறந்தவெளிச் சந்தையில் வாங்குகிறவரும் வரைந்தவரும் முகத்துக்கு முகம் நின்று விலை பேசுவார்கள். நானும் அங்கே இரண்டு சிறிய படங்களை விற்றுக் காசை எண்ணிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அவர் அன்று எதுவும் வாங்கவில்லை. என் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டு வாங்கினார்.

புரட்டாசியில் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். விறாந்தையில் இருந்து அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். நான் வரைந்த பனையோலை வேலிகளின் முன்னால் நெடுநேரம் பேசாமல் நின்றார். 1995 இடப்பெயர்வின்போது மாமாவின் நீர்வர்ண ஓவியங்களை அப்படியே அலுமாரியில் விட்டுவிட்டுப் போனதையும், திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லாமல் இருந்ததையும் அம்மா அவருக்குச் சொன்னார். அவர் கண் கலங்கியதை நான் என் கண்ணாலே கண்டேன். "இனியும் எங்கட படங்கள் துலையக் கூடாது அம்மா, தம்பியின்ர படங்களை என்னட்டைத் தாங்கோ" என்றார். அந்த ஒரு வசனத்துக்குத்தான் நான் விழுந்தேன். ஒப்படைத்ததற்கு ஒரு துண்டு எழுதித் தரும்படி நான் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டு, "எங்கட சனத்துக்குள்ள ரிசீற் என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்டார். அம்மா என்னை முறைத்துப் பார்த்தார், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரை அவமதித்துவிட்டேன் என்பதுபோல. நானும் வெட்கப்பட்டேன்.

பங்கேற்புக் கட்டணம் என்று 75,000 ரூபாய் கேட்டார். படங்களுக்கு மரச்சட்டமிடும் வேலையைத் தங்கள் ஆள்தான் செய்ய வேண்டும் என்று படத்துக்கு 6,500 வீதம் 78,000 ரூபாய் வாங்கினார். விற்றால் 40 வீதம் கொமிஷன். ஒழுங்கான காட்சிக்கூடங்கள் விற்பனையில் 40 முதல் 50 வீதம் வரை எடுப்பது வழமையாதலால் 40 வீதம் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் அப்படிக் கொமிஷன் எடுக்கிறவர்கள் வழமையாக ஓவியரிடம் முற்பணம் வாங்குவதில்லை என்பதையும், முன்னரே கட்டணத்தை வாங்கிவிட்டவருக்கு ஓவியம் விற்றாலென்ன, விற்காவிட்டாலென்ன என்பதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

மாசியில் திறப்பு விழா நடந்தது. முதல் மாலையிலேயே மூன்று படங்களின் கீழே, விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமான சிவப்புப் புள்ளி ஒட்டப்பட்டது: 45,000, 60,000, 40,000. கொமிஷன் கழித்து எனக்கு வர வேண்டியது 87,000 ரூபாய். அன்றிரவு பஸ்ஸில் வரும்போது அந்தத் தொகையை நான் எத்தனை தரம் கூட்டிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

பங்குனியில் கேட்டபோது, வாங்கியவர்கள் இன்னும் காசு தரவில்லை என்றார். சித்திரையில் புத்தாண்டு விடுமுறை. வைகாசியில் வெசாக், கணக்காளர் ஊருக்குப் போய்விட்டார். ஆனியில் பொசன். அதன் பிறகு வட்ஸ்அப்பில் நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன, பதில் இல்லை. இதற்கிடையில், 60,000 ரூபாய்ப் படத்தை வாங்கிய பெண்மணி, அது எந்த ஊர் ஒழுங்கை என்று அறிய விரும்பி என்னைத் தேடிப்பிடித்து எழுதினார். பேச்சோடு பேச்சாக, திறப்பு விழா அன்றே முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

அந்த வாரமே இரவு பஸ் ஏறினேன். காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை என்னை வாசலருகே ஒரு கதிரையில் இருத்திவைத்தார்கள். என் ஓவியங்கள் தொங்கிய சுவரில் வேறொருவரின் ஓவியங்கள் தொங்கின. வரவேற்பு மேசையில், விற்றுப்போன என் படமொன்று வாழ்த்து அட்டையாக அச்சாகி 350 ரூபாய்க்கு அடுக்கப்பட்டிருந்தது. ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை விற்றதாகாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அதைக் கையளிப்பதென்றால் ஓவியர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். நான் எதிலும் கையொப்பமிடவில்லை என்றேன். கடைசியில் வெளியே வந்தவர் என்னைத் "தம்பி" என்று கூப்பிடவில்லை. "உம்மை ஆருக்குத் தெரியும்? மேடை தந்தது நாங்கள்" என்றார். மரச்சட்டங்கள் காட்சிக்கூடத்துக்குச் சொந்தம் என்றும், மிச்சப் படங்கள் பஸ்ஸில் வரும் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்தன, குழாய்க்குள்.

கட்டணம் 75,000, மரச்சட்டத்துக்கு 78,000, விற்ற காசு 87,000. ஆக 240,000 ரூபாய். வெடித்த ஒன்பது படங்களுக்கு நான் இன்னும் விலை போடவில்லை. மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்கிறார் நண்பர். கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்றும் அவரேதான் கேட்கிறார். வங்கியில் கட்டிய இரண்டு சீட்டுகளும், அந்தப் பெண்மணியின் செய்தியும் இருக்கின்றன.

காட்சிக்கூடங்களோடு எப்படி வேலை செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குவதால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். படத்தின் தலைப்பு, அளவு, விலை எல்லாம் எழுதி, விற்கும்வரை அது ஓவியருக்கே சொந்தம் என்றும், விற்றால் எத்தனை நாளில் காசு வரும் என்றும், சேதமானால் யார் பொறுப்பு என்றும் குறித்து, இருவரும் கையொப்பமிட்ட கடதாசி இல்லாமல் ஒரு படத்தையும் வெளியே விடாதீர்கள். அனுப்புமுன் முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். அங்கே முன்பு காட்சிப்படுத்திய இரண்டு பேரிடமாவது காசு ஒழுங்காக வந்ததா என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை.

நுண்கலை படிக்கும் ஒரு தம்பி இன்று காலை எனக்கு எழுதியிருக்கிறார். அதே ஆள் போன கிழமை அவர் வீட்டிலும் தேநீர் குடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஏழு படங்களைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றப் போகிறாராம். தம்பி, இதை வாசித்தால் ஏற்றாதீர்கள், முதலில் எனக்கு அழையுங்கள்.