டர்போ காருக்கு சிந்தெடிக்கா, மினரலா?

டர்போ கார் வைத்திருப்பவர்கள் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "சிந்தெடிக் ஊற்றாவிட்டால் டர்போ போச்சு" என்று ஒரு கட்சி பயமுறுத்தும். "அதெல்லாம் ஆயில் கம்பெனி வியாபாரம், சாதா மினரல் ஆயிலை ஊற்றிவிட்டு சீக்கிரம் சீக்கிரம் மாற்றினால் போதும்" என்று இன்னொரு கட்சி கையை உதறும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பது) உள்ள இன்றைய பெட்ரோல் டர்போ என்றால் சிந்தெடிக்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய காலத்து, டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இல்லாத டீசல் டர்போ என்றால் நல்ல மினரல் ஆயிலே தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு இடத்திலும் கேனின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதைவிடப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் அதிகம் பேசும்.

டர்போ ஆயிலை எப்படிப் படுத்துகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் புகையால் டர்பைனைச் சுழற்றி, அதன் பலத்தில் எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிப்பதுதான் டர்போவின் வேலை. அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றுகிறது, சின்ன டர்போக்கள் அதையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்த ஷாஃப்ட் பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கவில்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. உராய்வைக் குறைப்பதும் ஆயில்தான், சூட்டை இழுத்துக்கொண்டு போவதும் ஆயில்தான். பக்கத்திலேயே டர்பைன் வழியாகப் போகும் பெட்ரோல் எஞ்சின் புகை முழு லோடில் 950 டிகிரி செல்சியஸை எட்டும், டீசலில் அது கொஞ்சம் குறைவு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை புது ஆயில் வந்துகொண்டே இருப்பதால் சமாளித்துவிடும். வேகமாக வந்து நிறுத்தி உடனே சாவியைத் திருப்பிவிட்டால்தான் சிக்கல்: பம்ப் நின்றுவிடும், டர்பைன் பக்கத்துச் சூடு மெல்ல ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்குள் ஏறும், அங்கே தேங்கிய கொஞ்சம் ஆயில் அப்படியே வெந்து கரியாகும். இந்தக் கரி ஆயில் வரும் குழாயையும் வடியும் வழியையும் அடைக்கும். டர்போ "திடீரென்று" போனதாகச் சொல்லும் பல கதைகள் பல மாதம் முன்பே இப்படித் தொடங்கியவைதான்.

இந்த இடத்தில் மினரல் ஆயில் தோற்பதற்குக் காரணம் இருக்கிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் அடிப்படை எண்ணெயில் பெரிதும் சிறிதுமாக எல்லா அளவு மூலக்கூறும் கலந்திருக்கும். இலேசானவை சூட்டில் முதலில் ஆவியாகும், மெழுகுத் தன்மை உள்ளவை குளிரில் கெட்டியாகும், நிறைவுறாதவை ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரம் கசடாகும். சிந்தெடிக்கில் உயர்ந்த வகையான பிஏஓ எண்ணெயை டெசீன் போன்ற ஒரே மாதிரி மூலக்கூறுகளை இணைத்துக் கட்டுகிறார்கள், அதனால் இந்தக் கலவைத் தொல்லை கிடையாது. சூட்டில் எவ்வளவு காணாமல் போகிறது என்பதை அளக்க நோவாக் சோதனை என்று ஒன்று உண்டு: 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடை குறைவதைப் பார்ப்பார்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தர 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 15 சதவீதம் வரை அனுமதி, ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம்) தரங்களில் பலவற்றுக்கு 13. (5டபிள்யூ-30 போன்ற கிரேடில் முதல் எண் குளிரில், இரண்டாவது எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது.) நல்ல பிஏஓ கலவை 10க்குக் கீழேயே நிற்கும். அதே கிரேடில் மினரல் ஆயில் எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் பாஸ் ஆகும்.

ஆவியான ஆயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் வால்வு) வழியாகத் திரும்ப இன்டேக்குக்குள், அதாவது காற்று உள்ளே வரும் பாதைக்குள் போகிறது, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஈரமாகப் படிகிறது, கடைசியில் இன்டேக் வால்வின் முதுகில் ஒட்டுகிறது. பழைய போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் அந்த வால்வை கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுவதால் வால்வில் படிந்தது படிந்ததுதான். ஆக ஆவியாதல் குறைந்த ஆயில் டர்போவுக்கு மட்டுமில்லாமல் வால்வுக்கும் உதவுகிறது, இதைப் பொதுவாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது ஆயில் நொந்துபோவது. மினரல் அடிப்படையில் 5டபிள்யூ-30 மாதிரி அகலமான கிரேடு செய்ய வேண்டுமானால் சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் தடுக்கும் பாலிமரை நிறைய சேர்த்தாக வேண்டும். டர்போ பேரிங், டைமிங் செயின், பிஸ்டன் ரிங் எல்லாம் அந்தப் பாலிமரை நறுக்கிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் 30 கிரேடு 20 மாதிரி ஓடும். சிந்தெடிக் இயல்பாகவே சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாது என்பதால் அதற்குப் பாலிமர் குறைவாகப் போதும். ஆனால் 15டபிள்யூ-40 மினரலில் இந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை, ஏனென்றால் அந்த இடைவெளி சின்னது, பாலிமரும் அளவோடுதான் இருக்கும். பழைய டீசல் டர்போக்கள் அந்த ஆயிலில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது அதிர்ஷ்டத்தால் இல்லை. எஞ்சின் சாவதானமாகச் சுற்றும், புகைச் சூடு குறைவு, ஆயில் சட்டி பெரிது, மாற்றும் இடைவெளியும் சின்னது.

சரி, சிந்தெடிக் கட்சிக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. கேனில் "ஃபுல் சிந்தெடிக்" என்று போட்டிருந்தால் உள்ளே பிஏஓ இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏபிஐ அடிப்படை எண்ணெய்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது: 1, 2 இரண்டும் மினரல், 3 கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனும் உயர் அழுத்தமும் கொடுத்து மூலக்கூறு மட்டத்தில் திருத்தியது, 4 பிஏஓ, 5 எஸ்டர் உள்ளிட்ட மற்றவை. 3ஆம் குழுவை சிந்தெடிக் என்று விற்கலாமா என்று ஆயில் கம்பெனிகளான மொபிலும் கேஸ்ட்ராலும் அமெரிக்காவில் மோதிக்கொண்டன. 1999இல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்புப் பிரிவு கேஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு கடை அலமாரியில் இருக்கும் சிந்தெடிக்கில் பெரும்பகுதி 3ஆம் குழுதான். இதைக் கேட்டுக் கொதிப்பவர்கள் உண்டு, நான் கொதிக்க மாட்டேன். 1ஆம் குழுவுக்கும் 3ஆம் குழுவுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது, 3க்கும் 4க்கும் இடையே உள்ளது சாதாரண ஓட்டத்தில் தெரியாத அளவுக்குச் சின்னது. கடுங்குளிரிலும் ரேஸ் ட்ராக்கிலும் மட்டும் பிஏஓ தனியாகத் தெரியும்.

செமி சிந்தெடிக்கைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அதில் எவ்வளவு சிந்தெடிக் இருக்க வேண்டும் என்று பொதுவான குறைந்தபட்ச அளவு கிடையாது. அதிகம் கலந்தவரும் செமிதான், பேருக்குக் கொஞ்சம் ஊற்றியவரும் செமிதான். எஞ்சின் கம்பெனி கேட்கும் தரம் கேனில் அச்சாகியிருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் நடுவில் நிற்பது போன்ற ஒரு திருப்திக்காக மட்டும் காசு கொடுக்கிறோம்.

இப்போது இந்த விவாதத்தையே குழப்பும் விஷயம்: எல்எஸ்பிஐ (லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன்). ஸ்பார்க் அடிப்பதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. உயர்ந்த கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், காலை அழுத்தி மிதித்தால் சின்ன பெட்ரோல் டர்போக்களில் வரும், பிஸ்டனின் விளிம்பையே உடைத்துவிடும் அளவுக்கு அடி பலமாக இருக்கும். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி இதற்கு ஒரு காரணம். அந்த ஆயிலில் கால்சியம் வகை டிடர்ஜென்ட் அதிகமிருந்தால் வாய்ப்பு கூடுகிறது, அதில் ஒரு பகுதிக்கு மக்னீசியம் வகையைப் போட்டால் குறைகிறது. இதற்காகவே பழைய ஏபிஐ எஸ்என் தரத்துக்கு அடுத்து 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் வந்தது, 2020இல் ஏபிஐ எஸ்பி வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால் இது முழுக்க சேர்மானத்தின் (அடிப்படை எண்ணெயில் கலக்கும் டிடர்ஜென்ட் போன்ற ரசாயனங்களின்) வேலை, அடிப்படை எண்ணெய்க்கு இதில் பெரிய பங்கு இல்லை. அதாவது எஸ்என் காலத்து விலை உயர்ந்த பிஏஓ ஆயில் ஒன்று வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று சின்ன டர்போ பெட்ரோல் காரில் ஊற்றினால், எஸ்பி தரம் உள்ள சாதாரண ஆயிலைவிட அது ஆபத்தாக முடியலாம். சிந்தெடிக்கா மினரலா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

டீசலிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. டிபிஎஃப் இருக்கும் வண்டியில் ஆயில் சேர்மானம் எரிந்து வரும் சாம்பல் அந்த ஃபில்டரில் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த கரியை ரீஜெனரேஷன் (ஃபில்டரைச் சூடாக்கித் தானே சுத்தம் செய்துகொள்வது) எரித்துவிடும், சாம்பலை எதுவும் எரிக்காது. அதனால் ஏசிஇஏ சி3 போன்ற சாம்பல் குறைந்த ஆயில் கேட்பார்கள், அதில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் கிடைப்பவை கிட்டத்தட்ட எல்லாமே சிந்தெடிக்தான், ஆகவே அங்கே தேர்வே கிடையாது.

மினரல் கட்சி சொல்லும் "சீக்கிரம் மாற்றினால் போதும்" என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறதா? பாதி இருக்கிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில் குட்டிக் குட்டி ஓட்டமாக ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், அதை எந்த சிந்தெடிக்காலும் தடுக்க முடியாது, மாற்றுவது ஒன்றுதான் வழி. 15,000 கிலோமீட்டர் தாங்கும் என்று கேனில் இருக்கிறதே என்று அதை நம்பி வருடக்கணக்கில் விட்டுவைப்பவர்களைவிட, சுமாரான ஆயிலை அடிக்கடி மாற்றுகிறவரின் எஞ்சின் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் வந்த 1.8 லிட்டர் டர்போ இதற்குப் பிரபலமான சாட்சி. கசடு கட்டி ஆயில் பம்பின் வடிகட்டி அடைத்துக்கொண்ட புகார்கள் குவிந்து, 2004இல் அமெரிக்காவில் அந்தப் பழுதுக்கான வாரன்ட்டியை 8 ஆண்டுகளாக நீட்டினார்கள். ஆயிலின் தரம், மாற்றும் இடைவெளி இரண்டுமே அதில் பேசப்பட்டன. ஆனால் நான் முன்னால் சொன்ன கரி, வண்டியை நிறுத்திய அடுத்த சில நிமிடத்தில் நடக்கிற விஷயம். நேற்று மாற்றிய மினரல் ஆயிலும் இன்று மாலையே அங்கே வேகும். அதற்கு இடைவெளியைக் குறைப்பது மருந்தாகாது.

இன்றைய டர்போக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இருப்பதால் 80களின் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அப்புறம், ஹைவேயில் விரட்டி வந்த பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துவது எந்த ஆயிலுக்கும் நல்லது, அதற்குக் காசும் கிடையாது. கடைசி சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்திருந்தால் அதுகூடத் தேவைப்படாது.

விலைக் கணக்கு சுலபம். சிந்தெடிக் இரண்டு மடங்கு விலை என்று வைத்தாலும், மேனுவல் அனுமதிக்கும் இடைவெளியும் அதற்கேற்ப நீளமாக இருந்தால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் வித்தியாசம் சுருங்கிவிடும். ஒரு டர்போ மாற்றும் செலவு பல ஆயில் மாற்றங்களை விழுங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் பேச்சு முடிந்தது. வாரன்ட்டியில் இருக்கும் காருக்கு இந்தக் கணக்கும் வேண்டாம். மேனுவலில் போட்டிருக்கும் தரம் எதுவோ அதைத் தவிர வேறொன்றை ஊற்றிவிட்டு க்ளெய்முக்குப் போய் நிற்க யாருக்கும் ஆசை இருக்காது.

மினரலில் ஓடிய வண்டியை சிந்தெடிக்குக்கு மாற்றினால் ஒழுகும் என்ற பயம் பழைய கதை. ஆரம்பகால பிஏஓ ஆயில்கள் ரப்பர் சீலைச் சுருக்கியது உண்மை, பிறகு எஸ்டர் சேர்த்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஏற்கெனவே வெடித்துக் கசடால் அடைபட்டிருந்த சீல் கசடு கரைந்ததும் ஒழுகலாம், அது சீலின் வயது. இரண்டையும் கலந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, அவசரத்துக்கு ஒரு லிட்டர் டாப்-அப் செய்துகொள்ளலாம், சிந்தெடிக்கின் முழுப் பலன் மட்டும் கிடைக்காது.

பழைய டர்போ காரைக் கைமாற்றி வாங்கி, முந்தையவர் என்ன ஊற்றினார் என்றே தெரியாத நிலையில் இருந்தால், நல்ல சிந்தெடிக்கை ஊற்றி முதல் இரண்டு தடவை பாதி இடைவெளியிலேயே மாற்றுங்கள், ஃபில்டரோடு சேர்த்து. டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கரி பிடித்திருந்தால் சுத்தம் செய்ய முயலாமல் புதுக் குழாயே போட்டுவிடுவது நல்லது. அடைபட்ட பழைய குழாயோடு புது டர்போ போட்டால், ஊற்றியது எவ்வளவு உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் அந்தப் புது டர்போவும் போய்விடும்.