சென்ட்ரல் வாக்கியூம் போட்டு நாலு வருசம், நேற்றுத் திரும்பச் சுவர் உடைச்சம்

படியடிச் சுவரை நேற்று உடைச்சுப் பூசினது இன்னும் காயேல்லை, அந்தக் கோவத்தோடதான் எழுதுறன். மோட்டரை ஒரு இடத்தில வச்சு, சுவருக்குள்ளால பைப் விட்டு, சுவரில இருக்கிற வாயில ஹோஸைக் கொழுவித் தூசி இழுக்கிறதுதான் சென்ட்ரல் வாக்கியூம். தெஹிவளையில வீடு கட்டுற சிநேகிதி ஒருத்தி "போடலாமோ அக்கா" எண்டு ரெண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் சேர்த்து.

எங்கட வீடு வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை. ஒரு பக்கம் பஸ் புகை, மற்றப் பக்கம் உப்புக்காத்து. அம்மாவுக்கு முட்டு வருத்தம், சாதாரண வாக்கியூம் பிடிச்சா அதின்ர பின்பக்கத்தால வாற காத்துக்கே இருமத் தொடங்கிடுவா. ரொறன்ரோவில சித்தி வீட்டில சுவரில ஹோஸைக் கொழுவிக் கூட்டுறதைப் பாத்துத்தான் இந்த ஆசை வந்தது. மெசினையும் அங்கயிருந்தே அனுப்புறன் எண்டவ, நல்ல வேளை விசாரிச்சம், அங்க 120 வோல்ட் இங்க 230, கொழுவின அண்டைக்கே மோட்டர் எரிஞ்சிருக்கும். மோட்டர் வேற எடுப்பிச்சு, பைப்பும் வளைவுகளும் மட்டும் சித்தி கப்பலில போட்டவ.

2021 கடைசியில பூட்டினது. மோட்டர் கராஜில, கீழ ரெண்டு வாய் மேல ஒண்டு, 9 மீற்றர் ஹோஸ். தூசி சேருற பைக்குப் பதிலாக் கழுவுற துணி பில்டர் எடுத்தது பெரிய புண்ணியம், 2022 இல டொலர் 360 ரூபா தாண்டின நேரம் பை வாங்கேலாமப் போயிருக்கும். 13 மணித்தியாலம் கறண்ட் கட் இருந்த நாளுகளில தும்புத்தடிதான்.

இழுத்த காத்து வீட்டுக்குள்ள திரும்பி வாறேல்லை, வெளிச்சுவரால போகுது, சத்தமும் கராஜோட நிக்குது. அம்மா கதிரையில இருந்து ரேடியோ கேக்க நான் அவவின்ர காலடியிலயே கூட்டுறன், ஒரு இருமல் இல்லை. இதுக்கு என்ன விலையும் குடுப்பன்.

ஆனா அந்த வளைவு! இந்தப் பைப்பின்ர வெளிவிட்டம் 2 இஞ்சி, 50.8 மில்லிமீற்றர். எங்கட தண்ணிப் பைப் 50. கண்ணுக்கு ஒண்டுபோலதான். படியடியில நீட்டு வளைவு (மெல்லமா வளையிறது) ஒண்டு குறைஞ்சு போக, மேசன் பாஸ் என்னட்டக் கேக்காமத் தண்ணிப் பைப் எல்போ (சட்டெண்டு திரும்புற குறுகின வளைவு) ஒண்டை நெருப்பில சூடுகாட்டி விரிச்சு ஏத்தி, மேல சீமெந்தும் பூசிட்டார். உள்ளுக்கு ஒரு விளிம்பு நிண்டிருக்கு. அதில முதல் தலைமயிர் மாட்டும், அதில வாசல் கால்மிதியின்ர தும்பு, அதில தூசி, மழைக்கால ஈரத்துக்கு எல்லாம் இறுகிக் கட்டையாயிடும். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா இதே கதை. குறுகின வளைவு வாய்க்கு நேர பின்னால மட்டும்தான் போடுறது, பெருசா ஏதும் போனா கைக்கெட்டுற இடத்தில நிக்கட்டும் எண்டு, மிச்சமெல்லாம் நீட்டு வளைவா இருக்கவேணும்.

முந்தியெல்லாம் பழைய வாக்கியூமை மேல்வாயில வச்சு எதிர்ப்பக்கமா இழுத்து எடுத்தது, இந்தமுறை அசையேல்லை. கீழ ரெண்டிலயும் உள்ளங்கையை வச்சா கவ்விப் பிடிக்குது, மேல சோர்வு. மோட்டரை ஓடவிட்டு மூடிகளுக்குப் பக்கத்தில ஊதுபத்தி பிடிச்சன், புகை நேர மேல போச்சு, அப்ப காத்து ஒழுக்கில்லை. வயர் இழுக்கிற கம்பியை விட்டா 2 மீற்றரில முட்டுது, சரியாப் படியடி.

பாஸை முழுக்கப் பேசவும் மனம் வரேல்லை, தண்ணிக்கு அந்த வளைவு சரிதான், அவருக்குத் தெரிஞ்சது அது. ஆனா கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தியின்ர மகன் கொண்டுவந்த வளைவுதான் இப்ப பூட்டினது. பூச முதல் ஒரு பிடி அரிசியை மேல்வாயில போட்டன், கராஜ் வாளியில கலகலவெண்டு விழுந்தது.

எண்டாலும் தங்கச்சி, போடாதை. நல்ல சின்ன வாக்கியூம் ஒண்டு வாங்கு. இல்லை போடத்தான் போறன் எண்டா, சீமெந்து பூச முதல் ஒவ்வொரு வளைவையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.