ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு: ஒரு டிபிஏவின் (தரவுத்தள நிர்வாகியின்) நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் தரவுத்தளங்களைக் கவனித்து வருகிறேன். ஆரக்கிள் என்ற கட்டணத் தரவுத்தள மென்பொருளிலேயே பழகிய எங்கள் குழு, உரிமக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்த நிர்வாகத்தின் முடிவால் சில ஆண்டுகளுக்கு முன் இலவசத் திறமூலத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸுக்கு மாறியது. அது வேகமானதா என்று கேட்பவர்களுக்கு ஆம் என்றே சொல்வேன். ஆனால் அந்த வேகம் நிலைப்பது, நினைவக அமைப்புகளைவிட, இறந்த வரிசைகள் (திருத்தியோ நீக்கியோ பயனற்றுப்போன பழைய பதிவுகள்) எவ்வளவு விரைவாக அகற்றப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.

ஆரக்கிளில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய மதிப்பு அண்டூ என்ற தனிப் பகுதிக்குப் போய்விடும். போஸ்ட்கிரெஸில் பழைய வரிசை அதே டேபிளில் கிடக்க, வேக்கூம் என்ற துப்புரவுப் பணி வந்துதான் அந்த இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்க வேண்டும். இதைத் தானாகச் செய்யும் ஆட்டோவேக்கூம், யாரும் கை வைக்காதவரை, டேபிளின் 20 சதவீதமும் அதற்கு மேல் 50 வரிசைகளும் இறந்த பிறகே எழுந்துவரும். சிறிய டேபிளுக்கு இது போதும். 10 கோடி வரிசைகள் கொண்ட டேபிளிலோ 2 கோடி சேரும்வரை அது எட்டிப் பார்க்காது. நாள் முழுவதும் திருத்தப்படும் எங்கள் சரக்கு நிலவர டேபிளுக்கு மட்டும் இந்த 20 சதவீத விகிதத்தை 0.01 ஆக, அதாவது 1 சதவீதமாகக் குறைத்ததில் கிடைத்த பலன், வேறெந்த அமைப்பை மாற்றியும் கிடைக்கவில்லை.

ஆயினும் ஒரு மாதக் கடைசியில் வட்டு நிரம்பிக்கொண்டே வந்தது. "வேக்கூம் ஓடிட்டேதான் இருக்கு அண்ணா, ஆனா டெட் டப்பிள் (இறந்த வரிசை) குறையவே மாட்டேங்குது" என்று ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் இளைய சகா சொன்னார். அறிக்கை தயாரிக்கும் கருவி ஒன்று, தொடக்கத்தில் இருந்த தரவையே கடைசிவரை காட்டும் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் காலையில் திறந்த டிரான்சாக்ஷனை (ஒன்றாகவே முடிய வேண்டிய செயல்தொகுப்பை) மாலைவரை முடிக்காமல் வைத்திருந்தது. அது பிடித்துவைத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்துத் தரவின் தோற்றம், உயிரோடு இருக்கும்வரை, அதன் கண்ணுக்குத் தெரியக்கூடிய எந்தப் பழைய வரிசையையும் வேக்கூம் தொடாது. இவ்வாறு சும்மா கிடக்கும் டிரான்சாக்ஷன்களைத் துண்டிக்கும் காலவரம்பு 2016இல் வெளியான 9.6 பதிப்பிலிருந்தே உண்டு. இயல்பாக அது அணைத்தே வைக்கப்பட்டிருப்பது எனக்கு இன்றும் புரியாத முடிவு. ஏற்கெனவே வீங்கிவிட்ட டேபிளுக்கு, அதை முழுதாகத் திருப்பி எழுதும் வேக்கூம் ஃபுல் தீர்வாகத் தோன்றும். அது முடியும்வரை படிக்கக்கூட விடாமல் டேபிளைப் பூட்டிவிடும் என்பதால், நாங்கள் டேபிள் பயன்பாட்டில் இருக்கும்போதே அதைச் சுருக்கும் பிஜி ரீபேக் என்ற நீட்சியையே பயன்படுத்துகிறோம்.

நினைவகத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஒர்க் மெம் என்ற நினைவக அமைப்பு ஓர் இணைப்புக்கான அளவு அன்று, குவரிக்குள் (தரவைக் கேட்கும் கட்டளைக்குள்) நிகழும் ஒவ்வொரு சார்ட்டுக்குமான (வரிசைப்படுத்தலுக்குமான) அளவு. அதை 64 எம்பி ஆக்கினால், 300 இணைப்புகள் ஆளுக்கொரு சார்ட் செய்தாலே மொத்தம் 19 ஜிபிக்குச் சற்றுக் குறைவான நினைவகம் தேவைப்படும். ஆகவே பொதுவில் சிறிதாக விட்டு, அறிக்கைப் பயனருக்கு மட்டும் உயர்த்துவதே நல்லது.

ஆரக்கிளிலிருந்து வருபவர்கள் தேடுவது ஹின்ட்டுகளை, அதாவது குவரியை எப்படி இயக்க வேண்டும் என்று தரவுத்தளத்துக்கு நாமே எழுதும் குறிப்புகளை. போஸ்ட்கிரெஸின் மையத்தில் அவை இல்லை. நகரம் பெங்களூரு, பின்கோடு 560066 என்று இரு நிபந்தனைகள் கொடுத்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை எனக் கருதி பிளானர் (குவரியை இயக்கும் வழியைத் தீர்மானிக்கும் பகுதி) விகிதங்களைப் பெருக்கிவிடும்; விரல்விட்டு எண்ணும் அளவே வரிசைகள் வரும் என்று நம்பி டேபிள்களைச் சேர்க்க, குறைந்த வரிசைகளுக்கே ஏற்ற நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுக்கும்; வருவதோ பல்லாயிரம். 2017இல் வந்த 10ஆம் பதிப்பின் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூலம் அந்த இரு நிரல்களின் சார்பை எழுதிவைத்து, புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸை ஓட்டியதும் அதே குவரி, நிறைய வரிசைகளுக்கு ஏற்ற ஹாஷ் ஜாயினுக்கு மாறியது. ஹின்ட் எழுதிப் பழகிய கைக்கு இது சுற்றுவழியாகத் தோன்றினும், தரவு மாறும்போது தானும் மாறும் என்பதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. ஆரக்கிளின் செயல்திறன் அறிக்கையான ஏடபிள்யூஆருக்கு இணையானது மட்டும் இங்கே கைக்கு வரவில்லை. குவரிகளின் ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் தருவது கூட்டுத்தொகைகளையே, நேர இடைவெளிவாரியாக நாமே சேமித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஏடபிள்யூஆருக்கு ஆரக்கிளில் தனி உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதிப்பு உயர்த்துபவர்கள் கவனிக்க: 18க்கு முந்தைய பதிப்புகளுக்கு பிஜி அப்கிரேட் என்ற கருவி மூலம் மாறினால் பிளானரின் புள்ளிவிவரங்கள் உடன் வருவதில்லை, அனலைஸ் முடியும்வரை குவரிகள் தடுமாறும். 18இல் அவை வந்துவிடுகின்றன. கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொண்டு சேர்த்தவற்றுக்கு மட்டும் அதிலும் அனலைஸைத் தனியாக ஓட்ட வேண்டும்.