இருவர் சவாரிக்கு செனா 50எஸ் ஹெல்மெட் இண்டர்காம்: கோலாலம்பூர் – பினாங்கு ரோட்டில் வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்

யமஹா ஒய்15 என்ற கப்சாயின் (சிறிய மோட்டரின்) டாங்கியில் 4.2 லிட்டர்தான் பிடிக்கும். பெரிய பைக்கான கவாசாகி வெர்சிஸ் 650-இல் 21 லிட்டர். இந்த இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் கிளம்பினால், தாப்பா வருவதற்குள் கப்சாய்க்காரருக்கு வயிற்றில் புளி கரைக்கும். பெரிய பைக்காரருக்கோ அந்த நினைப்பே வராது. கையை ஆட்டினால் “முந்திப் போ” என்கிறாரா, “எண்ணெய் தீருது” என்கிறாரா என்று குழப்பம். ஹெல்மெட்டில் பொருத்தி ஓட்டியபடியே பேசிக்கொள்ளும் இண்டர்காம் வாங்க பாட்டு, போன், வழிகாட்டும் வேஸ் செயலி என்று பல காரணம் சொல்வார்கள். கூட்டாளியோடு நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இந்தச் சில்லறைப் பேச்சுதான் முக்கியம். செனா 50எஸ் இரட்டைப் பெட்டியை, அதாவது இரண்டு கருவிகள் சேர்ந்து வரும் பெட்டியை, அந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கிறோம்.

50எஸ், 50ஆர் என இரண்டு வடிவங்கள் உண்டு. உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்கு. 50ஆர் மெலிசு, மூன்று பட்டன். 50எஸ் கொஞ்சம் தடிமன், பக்கத்தில் திருகும் ஜாக் டயல். மழைக்குக் கனமான கையுறை போட்டிருக்கும்போது பட்டனைத் தேடித் தடவுவதைவிட டயலைத் திருகுவது எளிது. இந்த ஒரே காரணத்துக்காக 50எஸ் பக்கம்தான் நம் ஓட்டு.

விளம்பரத்தில் சொல்வது: திறந்த வெளியில் ஆளுக்கு ஆள் 2 கிலோமீட்டர் வரை மெஷ் தொடர்பு (கருவிகள் தங்களுக்குள் வலைபோல் தானாக இணையும் முறை), புளூடூத் இண்டர்காமில் 4 பேர் வரை, யாரும் சேரக்கூடிய ஓபன் மெஷில் 9 சேனல், நம் கோஷ்டிக்கு மட்டுமான குரூப் மெஷில் 24 பேர் வரை. இருவருக்கு 24 பேர் எதற்கு என்று கேட்கலாம். எண்ணிக்கையை விடுங்கள், மெஷ் முறையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்பு அறுந்து போன இருவர் மறுபடி நெருங்கி வந்தால், யாரும் எதையும் அமுக்காமலே பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியைப் பிரித்ததும் பலர் தடுக்கி விழுவது பொருத்தும் இடத்தில்தான். “சத்தம் சரியில்லை, காற்று இரைச்சல்” என்ற புகார்களில் பெரும்பாலானவை பொருத்தியதில் வந்த கோளாறு. கருவியைச் சொல்லிக் குற்றமில்லை. 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பின்னால் போனாலே 100 கிலோமீட்டர் வேகத்தில் பாதிச் சொற்கள் காற்றோடு போய்விடும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கரை விரலால் முன்னே பின்னே நகர்த்தி, எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கே வெல்க்ரோவை ஒட்டுங்கள். ஸ்பீக்கர் காதுக்கு எட்டாமல் உள்ளே தள்ளிப் போயிருந்தால் பின்னால் ஒரு பஞ்சுத் துண்டு கொடுத்து முன்னே கொண்டு வரலாம். மாறாகக் காதை அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். அப்போது கன்னப் பஞ்சைக் கழற்றி இடம் பண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலை மட்டும் கத்தியால் செதுக்கக் கூடாது. விழும்போது மண்டையைக் காப்பது அதுதான்.

அடுத்தது மைக். முகம் மூடிய ஹெல்மெட்டுக்கு ஒயர் மைக், திறந்த முகத்துக்கு நீண்ட கொம்பு மைக். இரண்டும் பெட்டியிலேயே இருக்கும். நம் ஊரில் திறந்த முகம்தான் அதிகம் என்பதால் கொம்பு மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் முனையில் உள்ள சின்னத் துடுப்பு உதட்டுக்கு எதிர்ப்புறம், வெளியே பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கூட்டாளிக்குக் கேட்பது புயல் மட்டும்தான். உதட்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேல் தள்ளி வைக்காதீர்கள். மேல் பஞ்சு உறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள். பஞ்சில்லாத மைக்கை எந்த இரைச்சல் நீக்கியும் காப்பாற்றாது.

கிளாம்ப் ஹெல்மெட்டின் இடப்பக்கம் வரும். வலக்கை திராட்டலில் இருப்பதால் அப்படி. ஹெல்மெட் ஓட்டின் விளிம்பு தடித்து கிளாம்ப் ஏறாவிட்டால் ஒட்டுத் தகடு உண்டு. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டியபின் 24 மணி நேரம் சும்மா விடுங்கள். விடியற்காலை சவாரிக்கு முதல் நாள் இரவு ஒட்டுபவர்கள்தான் பிறகு ரவாங் தாண்டும் முன் கருவியைத் தொலைக்கிறார்கள்.

இனி மடக்கு ஆண்டெனா. மெஷுக்கான இந்த ஆண்டெனாவைத் தூக்கி விட வேண்டும். அதை மடக்கியபடியே ஓட்டிவிட்டு “2 கிலோமீட்டர் என்றார்கள், 300 மீட்டரில் அறுந்தது” என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஓபன் மெஷ் போதும் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. வார இறுதியில் ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடத்தில்) நின்று பாருங்கள், அதே சேனலில் வேறு கோஷ்டியின் கதை நுழையும். மெஷ் பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடித்துக் குரூப் மெஷ் உருவாக்குங்கள். இரண்டு கருவியிலும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பிறகு 3 விநாடி அழுத்தினால் ஓபனுக்கும் குரூப்புக்கும் மாறலாம். கிளம்புமுன் இரண்டிலும் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) ஒரே பதிப்பா என்று பாருங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் விநோதமான தகராறுகள் வரும்.

ரோட்டுக்கு வருவோம். தஞ்சோங் மாலிம் முதல் ஈப்போ வரை பெரும்பாலும் நேர் ரோடு. அங்கே எந்த இண்டர்காமும் நன்றாகத்தான் பேசும். ஜெலப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மலைவளைவில்தான் சாயம் வெளுக்கும். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. பாறையும் லோரியும் குறுக்கே வந்தால் வளைந்து போகாது. 40-இல் ஊரும் லோரிக்குப் பின்னால் ஒருவர் மாட்டிக்கொள்ள, மற்றவர் 90-இல் போனால் இடைவெளி விநாடிக்கு 14 மீட்டர் வளரும். 700 மீட்டர் எட்டும் மலிவுக் கருவிக்கு 50 விநாடி. 2 கிலோமீட்டருக்கு 2 நிமிடத்துக்கு மேல். வளைவுகளில் இரண்டுமே அதற்கு முன்பே அறுந்துவிடும். ஆனால் லோரியை முந்தி வந்து சேர்ந்ததும் 50எஸ் தானாக ஒட்டிக்கொள்கிறது. “பேச்சு அறுந்தால் அடுத்த ஆர் அண்ட் ஆரில் நிற்போம்” என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நடு ரோட்டில், எமெர்ஜென்சி லேனில் நின்று போன் அடிக்கும் பழக்கம் வேண்டாம்.

மழையைப் பொறுத்தவரை, நாட்டிலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்றான தைப்பிங்கை ஒட்டித்தான் நெடுஞ்சாலை போகிறது. மாலை நேரமானால் சங்காட் ஜெரிங்கில் வானம் பிளந்துகொள்ளும். முன்னால் போகிறவர் “மழை தொடங்கியாச்சு, மோட்டர் நிறுத்தும் கொட்டகையில் நில்” என்று அரை கிலோமீட்டர் முன்பே சொல்ல முடிவது இங்கே பெரிய விஷயம். கருவி மழையைத் தாங்கும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் தாங்காது. பவர் பேங்கில் செருகியபடி மழையில் ஓட்டக் கூடாது.

பேட்டரி: புளூடூத் இண்டர்காமில் 14 மணி நேரம், மெஷில் 9 மணி நேரம் என்கிறது கம்பெனி. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஒரு வழிக்கு இது தாராளம். ஒரே நாளில் போய்த் திரும்புபவர்களுக்கு இழுபறியாகலாம்; பினாங்கில் நாசி கண்டார் சாப்பிடும் 20 நிமிடத்தில் சி-டைப் ஒயரில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் திரும்பும் வழிக்குக் கவலையில்லை. வெயிலில் நிற்கும் மோட்டரின் பாக்ஸுக்குள் பூட்டி வைத்து ஏற்றாதீர்கள், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

கடைசியில் பாலம். பினாங்குப் பாலத்தின் மோட்டர் பாதையிலும், 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்திலும் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். மைக் ஒழுங்காக வைத்திருந்தால் இங்கேயும் “இடது பக்கம் தள்ளுது, பார்த்து” என்பது தெளிவாகக் கேட்கும். வெறும் காதோடு சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட நல்ல காதடைப்பான் போட்டு ஸ்பீக்கரைக் கூட்டுவது மேல். காற்றிரைச்சல் குறைந்து பேச்சு துலங்கும். ராத்திரி காது ரீங்காரமும் இராது.

யாருக்கு வேண்டாம்? மாதம் ஒரு முறை கெந்திங், புக்கிட் திங்கி என்று சுற்றும், எப்போதும் ஒருவர் வாலை ஒருவர் பிடித்தே ஓட்டும் ஜோடிக்கு இது அதிகச் செலவு. அதே கம்பெனியின் 5எஸ், இருவர், 700 மீட்டர், அவர்களுக்குப் போதும். வேகம் வேறுபடும் இரண்டு மோட்டர், பேராக் மலைகள், தாய்லாந்தின் ஹாட்யாய்வரை நீளும் பயணம் என்றால் 50எஸ்தான்.

வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஒட்டுவில்லை இருக்கிறதா பாருங்கள். இணையத்தில் சில நூறு வெள்ளி குறைவாகக் கிடைக்கும் இறக்குமதிச் சரக்குக்கு உள்ளூர் உத்தரவாதம் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று: மாமாக் கடையில் ஹெல்மெட்டை மோட்டரின் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால், கருவியைக் கிளாம்பிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கழற்ற ஒரு நொடிதான் ஆகும், திருடனுக்கும் அதேதான்.