ஹூஸ்டனில் ஒரு ஃபோர்க்ளோஷர் வகுப்பு: ஏலம் எடுப்பவர் போகலாம், வீட்டுக்காரர் வேண்டாம்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் வீடு வாங்க நினைப்பவருக்கு ஐந்துக்கு நான்கு. தவணை கட்ட முடியாமல் வீட்டைக் காப்பாற்ற அலைபவருக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததால்.

தலைக்கு 199 டாலர். ஹோட்டல் அரங்கில் ஒரு சனிக்கிழமை முழுவதும். கடனை விடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்கும் ஷார்ட் சேல், தவணை நின்றால் கடன் கொடுத்தவர் வீட்டை ஏலம் விடும் ஃபோர்க்ளோஷர், இந்தச் சமாச்சாரங்கள் எல்லாம் வீட்டுக்காரருக்கும் முதலீட்டாளருக்கும் ஒரே நாளில் புரிந்துவிடும் என்று விளம்பரம். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். நான் ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரில் இருக்கிறேன், சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது தொழில். மச்சானுக்கு ஏலத்தில் ஒரு வீடு எடுத்து வாடகைக்கு விட ஆசை. எங்கள் தெரு அக்காவுக்கோ வேறு கவலை. அவர் கணவருக்கு வேலை போய், வீட்டுக் கடனில் மூன்று தவணை நின்றுவிட்டது. மூன்று பேரும் ஒரே காரில் போனோம்.

பாடம் எடுத்தவர் பல வருடம் ஏலத்தில் நின்ற மனிதர். ஸ்லைடை நம்பாமல் பலகையில் எழுதியே நடத்தினார். காலைப் பகுதியில் குறையே சொல்ல முடியாது. டெக்சஸில் வீட்டுக் கடனுக்காக வீடு ஏலத்துக்குப் போகப் பெரும்பாலும் கோர்ட் தேவையில்லை. டீட் ஆஃப் டிரஸ்ட் என்ற அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதே, விற்கும் அதிகாரத்தை டிரஸ்டி என்ற மூன்றாம் ஆளிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மத்திய அரசு விதிப்படி, தவணை நின்று 120 நாள் தாண்டினால்தான் ஃபோர்க்ளோஷரில் முதல் அடியையே வைக்கலாம். குடியிருக்கும் வீடென்றால், பாக்கியைக் கட்ட 20 நாள் தரும் நோட்டீஸ் ஒன்று வரவேண்டும். அப்புறம் ஏல நோட்டீஸ், ஏலத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னால். ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில். ஜனவரி 1 அல்லது ஜூலை 4 அந்தச் செவ்வாயில் விழுந்தால் புதன்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஆனால் வீட்டு மதிப்பின் மேல் எடுக்கும் ஹோம் ஈக்விட்டி கடனுக்குக் கோர்ட் உத்தரவு வேண்டும். நியூ ஜெர்சி மாதிரி எல்லாமே கோர்ட் வழியாகப் போகும் மாநிலத்தில் இருப்பவர்கள் இந்த வேகத்தைப் பார்த்தால் ஆடிப்போவார்கள்.

இந்த வகுப்புக்கு நான் நான்கு மார்க் போட்டதே அடுத்து வந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். பழைய ஏல நோட்டீஸ் நகல்களை, பெயர் விலாசத்தை மறைத்து, மேசைக்கு ஆறு என்று கொடுத்தார். "எதை எடுப்பீர்கள், எவ்வளவுக்கு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். மச்சான் உடனே ஒன்றைப் பிடித்தான். கடன் தொகை வெறும் 38,000 டாலர், வீடு மூன்று லட்சத்துக்கு மேல் போகும். "மாமா, இதை விட்டா முட்டாள்" என்றான். ஆசிரியர் திரும்பி வந்து, அந்தத் தாளில் கடன் பத்திரம் பதிவான வருடத்தின் மேல் விரலை வைத்தார். வீடு 2016-ல் வாங்கியது, இந்தக் கடனோ 2021-ல் எடுத்தது. அப்படியானால் இது இரண்டாம் கடன். முதல் கடனில் 2,10,000 டாலர் பாக்கி அப்படியே நிற்கும், ஏலம் எடுத்தவன்தான் அதைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். முதல் கடன் கொடுத்தவர் ஏலம் விட்டால் பின்னால் வந்த கடன்கள் வீட்டை விட்டுக் கழன்றுவிடும். பின்னால் வந்தவர் ஏலம் விட்டால் முன்னால் இருப்பது கழலாது. நம்மூரில் வில்லங்கம் பார்க்காமல் கிரயம் பண்ணாதே என்று பெரியவர்கள் சொல்வார்களே, இங்கேயும் கதை அதேதான்.

அதோடு விடவில்லை. சொத்து வரிப் பாக்கி வீட்டுக் கடன் ஏலத்தில் அழியாது. பின்னால் ஏறிய மத்திய வருமான வரி லியன், அதாவது வரிப் பாக்கிக்காக வீட்டின் மேல் போட்ட பிடி, இருந்து, வரித் துறைக்கு முறையாகத் தகவலும் போயிருந்தால் லியன் நீங்கும். ஆனால் வீட்டை மீட்டுக்கொள்ள அரசுக்கு 120 நாள் உரிமை உண்டு. டெக்சஸில் வீட்டுக் கடன் ஏலம் முடிந்த பிறகு பழைய உரிமையாளர் பணம் கட்டி மீட்க வழியில்லை. வரிப் பாக்கிக்காக நடக்கும் ஏலத்தில் நிலைமை வேறு: அவர் குடியிருந்த வீடென்றால் இரண்டு வருடம் வரை மீட்கலாம், முதல் வருடத்தில் 25 சதவீதம் கூடக் கட்டி. உள்ளே முறையான குத்தகையில் வாடகைக்காரர் இருந்தால், பொதுவாகக் குத்தகைக் காலம் முடியவிட வேண்டும்; புது உரிமையாளரே குடிவருவதானாலும் 90 நாள் நோட்டீஸ் தரவேண்டும். அது மத்திய அரசுச் சட்டம். உள்ளே போய்ப் பார்க்க முடியாது, இருக்கிற நிலையில் வாங்க வேண்டும், பணத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மச்சான் முகம் தொங்கிப்போனது. அந்த ஒரு மணி நேரத்துக்கே 199 கொடுக்கலாம்.

ஷார்ட் சேல் பகுதியில்தான் வண்டி தடம் மாறியது. இருக்கும் கடனை விடக் குறைந்த விலைக்கு, கடன் கொடுத்தவர் சம்மதத்தோடு வீட்டை விற்பது என்று ஆரம்பித்தார், சரி. உதாரணம்: கடன் 3,40,000, விலை 3,05,000. மீதி 35,000-ம் விற்பனைச் செலவும் என்ன ஆகும்? முதலீட்டாளருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்பதாலோ என்னவோ, இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டார். அக்காவுக்கு வேண்டியதே அந்த இரண்டு நிமிடம்தான். கடன் கொடுத்தவர் தரும் ஒப்புதல் கடிதம் அடமானத்தை விடுவிப்பதாக மட்டும் சொன்னால், மீதிப் பணத்துக்கு அப்புறமும் கேஸ் போடலாம். மீதியையும் தள்ளுபடி செய்கிறோம் என்று எழுத்தில் இருக்கவேண்டும். கலிஃபோர்னியாவில் ஒன்று முதல் நான்கு குடியிருப்பு உள்ள வீடுகளுக்கு ஷார்ட் சேல் முடிந்தபின் மீதியைக் கேட்கக் கூடாது என்று 2011-ல் சட்டமே வந்தது. டெக்சஸில் அப்படி இல்லை. ஆனால் கையில் கொடுத்த புத்தகம் கலிஃபோர்னியா விதியை நாடு முழுக்க உள்ளது போல அச்சடித்திருக்கிறது.

வரிப் பக்கம் இன்னும் மோசம், அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. தள்ளுபடியான கடனைப் பொதுவாக வருமானமாகத்தான் பார்ப்பார்கள், அந்தத் தொகையைக் காட்டும் 1099-சி படிவம் வரும். குடியிருந்த வீட்டுக் கடனுக்கு 2007-ல் விலக்குக் கொடுத்தார்கள். அதை அவ்வப்போது நீட்டி, 2020 டிசம்பரில் போட்ட சட்டத்தில் 2025 கடைசி வரை என்றார்கள். புத்தகத்தில் தேதியே இல்லை, காலகாலத்துக்கும் உள்ள சலுகை போல ஒரே வரி. சொத்தை விடக் கடன் அதிகமாக இருந்தவர் அந்த அளவுக்கு 982 படிவத்தில் விலக்குக் கேட்கலாம் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. இடைவேளையில் போய்ச் சொன்னேன். "நாங்கள் வரி ஆலோசனை தருவதில்லை" என்றார் அரங்க ஊழியர். அப்படியானால் எதற்கு அச்சடித்தீர்கள்?

ஒன்றை மட்டும் அக்கா குறித்துக்கொண்டார். வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதியில் ஃபோர்க்ளோஷர் ஆனவர் மறுபடி வீட்டுக் கடன் வாங்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். ஷார்ட் சேல், அல்லது வீட்டைக் கடன் கொடுத்தவருக்கே எழுதிக் கொடுப்பது என்றால் நான்கு வருடம்.

மூன்று மணிக்கு மேல் வியாபாரம் தொடங்கியது. முதலீட்டாளருக்கு 4,900 டாலரில் ஒரு வழிகாட்டித் திட்டம். அது அவரவர் பாடு. வீட்டுக்காரர்களைத் தனியாக ஓரம்கட்டி, கடன் நிறுவனத்தோடு பேசித் தர ஒரு கம்பெனியைக் காட்டினார்கள், 1,500 டாலர் முன்பணம். கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் ஒரு ஏற்பாட்டை வாங்கிக் கொடுத்து, வீட்டுக்காரர் அதை ஏற்றுக்கொள்ளும் வரை இப்படிப்பட்ட கம்பெனி ஒரு காசு வாங்கக் கூடாது என்பது மத்திய அரசு விதி. அக்கா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். "அக்கா, வேண்டாம், எழுந்திருங்க" என்றேன். அந்த ஊழியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அக்கா மாதிரி நிலையில் இருப்பவர் இந்த 199-ஐ மிச்சம் பிடித்துக்கொண்டு, ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகரைக் கூப்பிடலாம். ஃபோர்க்ளோஷர் தடுப்பு ஆலோசனைக்குக் காசு கிடையாது. திங்கட்கிழமை அக்கா போன் போட்டபோது நானும் கூட இருந்தேன். ஆலோசகர் அம்மாள் எடுத்தவுடன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏலத் தேதி குறித்துவிட்டார்களா?" இல்லை என்றதும் அவர் குரலே மாறியது. ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது உதவி கேட்டு முழு விண்ணப்பம் கடன் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அதை முடிவு செய்யாமல் ஏலத்தை நடத்தக் கூடாது, 30 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று விளக்கினார். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிப் படிவம், கஷ்டத்தை விளக்கி ஒரு கடிதம் என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். "ஒரு தாள் குறைந்தாலும் முழு விண்ணப்பம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஷார்ட் சேலுக்கு முன்னால் தவணையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பது, கடன் விதிகளையே மாற்றி எழுதுவது என்று வேறு வழிகள் இருப்பதும் அங்கேதான் தெரிந்தது. வகுப்பில் இவற்றின் பெயர்கூட வரவில்லை. ஒரே குறை, லைன் கிடைக்க வெகு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்காவின் 199-ஐத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டேன். வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் திருப்பித் தருவதில்லை என்று பதில். மச்சான் அந்த ஆறு நோட்டீஸ் நகலையும் பத்திரமாக வைத்திருக்கிறான். வரும் முதல் செவ்வாய் பேயூ சிட்டி ஈவன்ட் சென்டரில் ஹாரிஸ் கவுன்டி ஏலத்துக்குப் போகிறானாம், கையில் செக் இல்லாமல், வேடிக்கை பார்க்க மட்டும்.