வீட்டில் கை நீட்டுபவர்களுக்குக் குழு வகுப்பு: சேலத்தில் சேரலாமா?

மனைவியை அடிக்கும் ஆண்களுக்காக சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் ஆலோசனை மையம் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறது. பத்துப் பேர், இரண்டு மணி நேரம், 16 வாரம். நடத்துவது ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நல்ல ஏற்பாடு. பெண் பேசும்போது யார் குறுக்கே விழுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வகுப்பின் உயிர், மூன்றாம் வாரம் தரும் தாள். கடைசியாக அடித்ததை நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். ‘லேசா ஒரு தட்டு தட்டினேன்’ என்றால் எந்தக் கை, எங்கே பட்டது, பிள்ளை எங்கே நின்றது என்று கேட்டு மறுபடி எழுத வைக்கிறார்கள். ‘அவ எதிர்த்துப் பேசினா, அதனால’ என்ற வரியைப் பேனாவால் கோடு போட்டு நீக்குகிறார்கள். செய்ததற்கு மெல்லிய பெயர் வைப்பது, பழியை அடிபட்டவர் தலையில் போடுவது, காயத்தைச் சிறிதாக்குவது ஆகிய வழிகளில்தான் மனிதர்கள் மனசாட்சியை உறங்க வைக்கிறார்கள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கினார். அவற்றை இந்தத் தாள் ஒவ்வொன்றாக அடைக்கிறது, அதுவும் யாரையும் அவமானப்படுத்தாமல். அவமானப்பட்டவன் அந்தக் கடுப்பை வீட்டில்தான் இறக்குவான்.

ஐந்தாம் வாரத்திலிருந்து எல்லாம் கோபக் கட்டுப்பாடாகச் சுருங்கிவிடுகிறது. மூச்சுப் பயிற்சி, பத்து வரை எண்ணுவது. கொலுசுப் பட்டறையில் முதலாளி திட்டும்போது வாய் திறக்காதவர் வீட்டில் மட்டும் கை ஓங்குகிறார் என்றால், கட்டுப்பாடு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இவளை அடிக்கலாம் என்ற நினைப்பைத்தான் தொட வேண்டும். அமெரிக்காவில் 1980களில் டுலூத் நகரில் உருவான திட்டம் அதைத்தான் மையமாக வைத்தது. இப்படிப்பட்ட வகுப்புகளின் பலன் சுமார்தான் என்று ஆய்வுகள் காட்டியதையும் மறைக்கக்கூடாது.

சூடேறும்போது விலகிப் போவதையும் அரைகுறையாகவே கற்றுத் தருகிறார்கள். மனைவியிடம் முன்பே பேசி வைத்து, ‘ஒரு மணி நேரத்தில் வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, வண்டி எடுக்காமல் நடந்து போய், குடிக்காமல் சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டதால் பேச்சை வெட்டிவிட்டு டாஸ்மாக் போக இது சாக்காகிறது.

பெரிய ஓட்டை வேறு. மனைவியிடம் தனியாக, ரகசியமாக விசாரிப்பதே இல்லை. மாறிவிட்டாயா என்று அவனையே கேட்டால் என்ன சொல்வான்? 12ஆம் வாரம் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். அங்கே அவள் வாய் திறந்ததற்கு இரவு அடி விழலாம். இதை உடனே நிறுத்த வேண்டும்.

குடிப்பழக்கம் இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சையும் வேண்டும். கணவர் வகுப்பில் சேர்ந்துவிட்டார் என்பதற்காக, பெண்களே, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.