விரல் வேகமும் காணாமற்போகும் ஓசையும்: மெட்டல் சோன் பெடல்

மின்கிட்டாரின் ஓசையைக் கரகரப்பாக மாற்றும் கால்மிதிக் கருவியான, பாஸ் (Boss) நிறுவனம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட எம்டி-2 மெட்டல் சோன் பெடலை, திருகோணமலை டச்சு விரிகுடாவுக்கு அருகிலுள்ள நண்பர் வீட்டில் சில வாரங்கள் வாசித்துப் பார்த்தேன். விரல் வித்தையில் தேர்ந்த கிட்டார் கலைஞர்கள்கூட இதில் வண்டு இரைவது போன்ற ஓசையை எழுப்பிக் கேட்போருக்கு ஏமாற்றமளிப்பதற்குக் காரணம், அவர்கள் இடை மீடிறன்களை (தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் இடைப்பட்டவற்றை) முற்றாகக் குறைத்துவிட்டு, டிஸ்டோர்ஷனை, அதாவது ஓசையின் கரகரப்பை, உச்சத்தில் வைப்பதே; தனியறையில் கம்பீரமாகத் தோன்றும் அவ்வமைப்பு, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்தவுடன் காணாமற்போகிறது. 200 ஹேர்ட்ஸ் முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரை நகர்த்தக்கூடிய இடை மீடிறன் குமிழை 700 ஹேர்ட்ஸ் அளவில் நிறுத்தி, அவ்விடை ஓசையின் அளவைச் சற்றே உயர்த்தி, டிஸ்டோர்ஷனைப் பாதிக்குக் கீழே இறக்கியபோது, ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்டது. (கடற்காற்றில் துருவேறிய தந்திகளை அதற்கு முன்னரே மாற்றியிருந்தேன்.) குழுவாக வாசிப்போர் தயங்காமல் வாங்கலாம்; ஆனால், குமிழ் சிறிது அசைந்தாலும் ஓசை பெரிதும் மாறுவதால், பொறுமையற்றவர்களுக்கு இது உகந்ததன்று.